நாலாம் தொட்டியின் ருசி

சாதுல்லா பாய் காலையில் டீ குடிக்க மாட்டார். பீடி, வெற்றிலை, ஊறுகாய் எதுவும் மதியம் வரைக்கும் அவர் வாய்க்குள் போகாது. பச்சைத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே தொட்டிக்குப் போவார். மோதிர விரலைத் தண்ணீரில் நனைத்து, நாக்கு நுனியில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். பிறகு துப்புவார். அதற்கப்புறம்தான் டீ.

நேற்று ஸ்டேஷனில் நான் வாயால் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. "அதிர்ச்சில கீறீங்க, ஊட்டுக்குப் போய்ப் படுங்கம்மா" என்று அனுப்பிவிட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, சார். படித்தவள், சொந்தமாகத் தொழில் நடத்துகிறவள், குரலை உயர்த்தாதவள். இப்படி ஒருத்தி வந்து சொன்னால் நம்புவதற்கு யாருக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் குமணன்சாவடியில் ஒரு குயர் கோடு போட்ட தாள் வாங்கிவந்து, முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பெயர் ஆசை கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அம்பத்தூர்க்காரி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே நெல் விளைந்தது, என் தாத்தா அந்த வயலில் கூலி. அப்பா துலுக்கானம் அதே இடத்தில் எழும்பிய லேத் பட்டறையில் ஹெல்பர். நான் ஸ்காலர்ஷிப்பில் படித்தேன். வடக்கே போய் டிசைன் படிப்பை முடித்து, எண்பத்தொன்பதில் ஊர் திரும்பினேன். தோல் பை செய்யப்போகிறேன் என்றதும் எதிர்வீட்டுப் பார்வதம் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "செருப்பு தைக்கவா இம்மாந்தூரம் போய்ப் படிச்சிட்டு வந்துகீற?" என்றாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தை அப்போதைக்கப்போது கொட்டிவிடுவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஷெட் கிடைத்தது. பின்பக்கம் சிமென்ட் பூசிய நாலு தொட்டிகள். பூந்தமல்லியில் விசாரித்ததில் சாதுல்லா பாயைச் சொன்னார்கள். வேறு ஊரில் குரோம் மருந்தில் தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்து, மருந்துத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகி, போதும் என்று வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். குரோமுக்கு முந்திய வேலை அவருக்குத் தெரியும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீர், அவ்வளவுதான். முதல் தொட்டியில் அது நீர்த்திருக்கும், நாலாவதில் கடுமையாக இருக்கும். தோல் ஒவ்வொரு தொட்டியாக மாறி நாலாவதைத் தாண்ட நாற்பது நாள் ஆகும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது, தோலை எப்போது எடுக்கலாம் என்பதையெல்லாம் அவர் நாக்கு சொல்லும். அவர் மனைவி ஜுபைதாக்கா பை தைத்தாள். மொத்தம் நாங்கள் மூன்று பேர்.

பை என்னுடையது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்கவில்லை. என் அப்பா பட்டறைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கைத் துண்டில் கட்டுவார். ஒரு முனையை மற்றொரு முனையின் மடிப்புக்குள் செருகிவிடுவார், முடிச்சே இருக்காது, ஆனால் அவிழாது. அந்த மடிப்பைத் தோலில் கொண்டுவர நாற்பத்து மூன்று காகித மாதிரி வெட்டினேன். பசை இல்லை, இரும்பு இல்லை, ஜிப் இல்லை. ஒரே துண்டுத் தோல், ஒரே தையல். மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத பை என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேசியபோது என்னைப் பைத்தியம் என்றார்கள்.

தொண்ணூற்று நாலு அக்டோபரில் ஒரு ஜெர்மன் அம்மாள் வந்தாள். அவர்கள் நாட்டில் சில சாயங்களைத் தடைசெய்துவிட்டார்கள், அதனால் நஞ்சில்லாத தோலைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். கூடவே ஒரு பத்திரிகைக்காரன், காமிராவோடு. நான் பையை மேசையில் வைத்து, மடிப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் தலையை ஆட்டினாள். அப்போது பின்னால் சாதுல்லா பாய் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் என்னை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். என்ன செய்கிறார் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"நாக்குல தெரியும்மா" என்றார் பாய். "பட்டை இன்னும் உள்ள எறங்கல. தோலு பச்சையா கீது. பத்து நாள் உடச் சொல்லு."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் அவர் சொன்னதை நான் இங்கிலீஷிலும், அவர்கள் சொன்னதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டே நின்றேன். பை மேசைமேலேயே இருந்தது.

ஜனவரியில் தபாலில் அந்தப் பத்திரிகை வந்தது. நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்க சாதுல்லா பாய், கண்ணை மூடி, விரல் நாக்கில். பை கடைசிப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு. ஒரு படத்தில் அவர் பக்கத்தில் என் தோளும் பாதி காதும் தெரிந்தன. அதன் கீழே என்ன போட்டிருக்கிறது என்று அந்த அம்மாளே இங்கிலீஷில் தனியாக எழுதி அனுப்பியிருந்தாள்: சாதுல்லாவும் அவருடைய மொழிபெயர்ப்பாளரும். கூடவே சந்தோஷமான ஒரு கடிதம். முந்நூறு பை வேண்டும், பைக்கு 'சாதுல்லா' என்று பெயர் வைக்கப்போகிறோம், அவர் படம் போட்ட அட்டை ஒவ்வொரு பையிலும் தொங்கும், மார்ச்சில் வந்து அவர் ருசி பார்ப்பதைப் படம் பிடிப்போம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைத்து எழுத ஒன்றும் இல்லை. அம்பத்தூரிலிருந்து அயப்பாக்கம் வழியாக தினமும் மொபெட்டில் அந்தப் புழுதி ரோட்டில் வந்து, ஐந்து வருஷம் அந்தப் பட்டை நாற்றத்தில் நின்று, நாற்பத்து மூன்று காகிதம் வெட்டியவள் மொழிபெயர்ப்பாளர்.

அப்போதும் நான் அவரிடம் நேராகவே பேசினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் சிரித்தார்.

"எம்பேரு இன்னாத்துக்குமா பைக்கு? உம்பேரையே போட்டுக்கோ. எனக்கு இன்னா வந்துச்சு?" என்றார். பிறகு தையல் மெஷின் பக்கம் திரும்பி, "ஜுபைதா, நாகுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு பாரு, சக்கரை தூக்கலா ஒரு டீ போட்டுக் குடு" என்றார்.

ஜுபைதாக்காவும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். என் பெயரை, என் பைக்கு, எனக்கே அவர் விட்டுக்கொடுக்கிறார். பந்தியில் மிச்சமானதைக் கூப்பிட்டுக் கொடுக்கிறமாதிரி. அந்த டீயை முழுவதும் குடித்தேன். நல்ல டீ. ஜெர்மன் அம்மாளுக்கு மூன்று கடிதம் எழுதினேன், பெயரை மாற்றச் சொல்லி. அட்டை அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பாய்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. பிரச்சினை அவருடைய நாக்கு மட்டும்தான். அது இல்லாவிட்டால் அவர் ஒரு நல்ல வேலைக்காரர், நான் டிசைனர், பை என் பை. மார்ச்சில் அவர்கள் வரும்போது, "எனக்கு ருசியே தெரியல" என்று அவர் சொன்னால் போதும். மேசைமேல் இருப்பதை அவர்கள் கண் திறந்து பார்ப்பார்கள்.

ஷெட்டில் ஒரு சிவப்பு டப்பா இருந்தது. எங்களுக்கு முன்னால் ஷெட்டை வைத்திருந்தவர்கள் பச்சைத்தோலில் பூச்சி விழாமல் தூவிய மருந்து. முதல் வாரமே அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். மண்ணில் புதைத்தால் கிணற்றில் இறங்கிவிடும், குப்பையில் போட்டால் மாடு தின்றுவிடும் என்று பாய்தான் தடுத்தார். பரண்மேல் ஏற்றி வைத்தார். அவருக்கு எழுதத் தெரியாது. 'விஷம், தொடாதே' என்று எழுதி ஒட்டியது நான். அந்தக் கையெழுத்தை இந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் பூந்தமல்லி போயிருந்தார், ஜுபைதாக்கா வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக அடித்தது. ஸ்டூல் போட்டு டப்பாவை எடுத்து நாலாம் தொட்டியில் கலக்கினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மற்ற மூன்று தொட்டிகளையும் தொடவில்லை. அவர் தினமும் ருசி பார்ப்பது நாலாவதில்தான்.

என் கணக்கு ஒரு இடத்தில் தப்பியது. ருசி கெட்டால் மனுஷன் துப்பிவிட்டு விலகிவிடுவான் என்று நினைத்தேன். நீங்களும் நானும் அப்படித்தான் செய்வோம். அவர் தோல்காரர். மறுநாள் காலை விரலை வைத்தவர் முகத்தைச் சுளித்தார். மறுபடி வைத்தார். பிறகு உள்ளங்கையிலேயே அள்ளி வாயில் ஊற்றி, கொஞ்சம் தொண்டைவரைக்கும் விட்டுப் பார்த்தார்.

"தண்ணி ஒரு மாரி கீதும்மா" என்றார். "இன்னான்னு புரியல. ஹாஜா மொய்தீன் மட்டமான பட்டையைக் கட்டிட்டான்னு நெனைக்கிறேன். கண்டுபிடிக்காம உடமாட்டேன்."

என்ன தப்பு என்று கண்டுபிடிக்க, அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ருசி பார்த்தார். பட்டை வியாபாரி ஹாஜா மொய்தீனை வரவழைத்து ஷெட் வாசலிலேயே சத்தம் போட்டார். அந்த மனுஷன் குழந்தைகள்மேல் ஆணையிட்டுவிட்டு அழாத குறையாகப் போனான். நான் இடையில் பேசவில்லை. ஐந்தாம் நாள் பாய்க்கு வாந்தி ஆரம்பித்தது. நாக்கு மரத்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னார். ஆக எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. இதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள்.

நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் அவர் நாலாம் தொட்டியை முழுக்க இறைத்து, புதுப் பட்டைத் தண்ணீர் ஊற்றிவிட்டார். நாக்கும் மெல்ல மெல்லத் திரும்பியது. "இப்ப பரவால்லமா, கொஞ்சம் கொஞ்சம் தெரியுது" என்று குழந்தைமாதிரிச் சிரித்தார். ஜெர்மன்காரர்கள் வர இரண்டு வாரம்தான் இருந்தது. அதனால் இரண்டாவது தடவை செய்ய வேண்டியதாயிற்று. உடம்பு முடியாமல் அந்த வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போகவில்லை, அதனால் சனிக்கிழமை அவர் படுத்திருந்தபோது செய்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஆட்டோ பிடித்தது, டாக்டரிடம் பேசியது, இளநீர் வாங்கிக் கொடுத்தது எல்லாம் நான். முதலில் அல்சர் என்றார்கள், பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "நீ பொண்ணு மாரிம்மா" என்றார். நான் பொய்யாக உட்காரவில்லை. அவர்மேல் எனக்கு அக்கறை இருந்தது. விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் சொல்வார்கள்.

மார்ச்சில் அவர்கள் வந்தார்கள். சாதுல்லா பாய் எலும்பும் தோலுமாக ஷெட்டில் ஒரு கோரைப்பாயில் கிடந்தார். ஜெர்மன் அம்மாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் பையை எடுத்துக்காட்ட ஆரம்பித்தேன். அப்போது ஜுபைதாக்கா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவரு வாய் செத்துப்போச்சுன்றாரு. வேலை நிக்கக்கூடாது, நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நேரே நாலாம் தொட்டிக்குப் போனாள். இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தவள், அவளுக்கும் ருசி தெரியுமாம். எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். "அக்கா, வேணாம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதுவுமில்லாமல், காமிராக்காரன் அதற்குள் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். இன்னொரு தடவை நனைத்துக் காட்டச் சொல்லுங்கள், வெளிச்சம் சரியில்லை என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

அவள் மூன்று தடவை நனைத்துக் காட்டினாள்.

அவர்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் சாதுல்லா பாய் இறந்துபோனார். மய்யித் எடுக்கும்போது பெண்களோடு நானும் வாசலில் நின்றேன். அம்பத்தூரிலிருந்து அப்பாவும் வந்திருந்தார். இனிமேலாவது பெயர் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஜெர்மனியிலிருந்து தந்தி வந்தது: அவர் நினைவாக இனி எங்கள் எல்லாப் பைகளுக்கும் 'சாதுல்லா' என்றே பெயர், அடுத்த அட்டையில் அவர் மனைவியின் படம்.

அதை ஜுபைதாக்காவுக்கு நானே படித்துச் சொன்னேன். அவள் முக்காட்டை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். புருஷனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டிய நாலு மாதமும் வீட்டைவிட்டு வரமாட்டாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அவளோ, இது அவர் பேர் போட்ட பை, குறையில் விடக்கூடாது என்று சொல்லி, நாலாம் தொட்டித் தண்ணீரைக் குப்பியில் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். தினமும் காலையில் நானே குப்பியில் மொண்டு, மொபெட்டில் வைத்து எடுத்துப் போனேன். தொட்டியில் மருந்து மங்கியிருக்கும் என்று தோன்றியதால், மூன்றாவது தடவை குப்பியிலேயே கலந்தேன். பதினோரு நாள். அவள் ருசி பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் உடு, நாகு" என்பாள். எனக்கும் ஒரு டீ கொடுப்பாள்.

அவள் சாகவில்லை. கை மட்டும் போய்விட்டது. "ஊசி விரலுல கீதா இல்லியான்னே தெரியல நாகு. ஊசி குத்தி ரத்தம் வந்தாத்தான் தெரியுது" என்றாள். கடைசி நாற்பது பையை நானே உட்கார்ந்து தைத்தேன். அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டதும் நான்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

பை கப்பலேறியது. ஜூன் மாதம் அங்கே ஏதோ ஒரு சோதனைக்கூடத்தில், தடைசெய்த சாயம் இருக்கிறதா என்று பார்க்கப்போய், வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். தோல் எல்லாவற்றையும் குடித்துக்கொள்ளும். இது பாய்க்குத் தெரிந்திருக்கும், நான் யோசிக்கவில்லை. அங்கிருந்து இங்கே எழுதினார்கள், நீங்கள் ஜீப்பில் வந்தீர்கள், பரண்மேல் காலி டப்பாவை எடுத்தீர்கள். எழுதப்படிக்கத் தெரியாத கிழவர், பூச்சிமருந்தைப் பட்டைத்தூள் என்று நினைத்துக் கலந்துவிட்டார், தானும் செத்தார், மனைவியையும் முடமாக்கினார் என்று முடிவுகட்டினீர்கள். எனக்கு ஆறுதல்கூடச் சொன்னீர்கள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் காகிதமே இல்லை. இருக்கத்தான் நினைத்தேன். நேற்றுக் காலை பேப்பரைப் பிரித்தேன். 'சாதுல்லா பையில் விஷம்' என்று மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில். பக்கத்தில் அதே படம், கண்ணை மூடி, விரல் நாக்கில். எதிர்வீட்டுப் பார்வதம் குழாயடியில், "அந்த பாய் யாரோ பெரிய ஆளு போல கீதே, பேப்பர்லாம் வந்துகீது" என்றாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அந்தக் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். இதுவும் அவர் பெயருக்கா என்றுதான் என் மனசு எரிந்தது. அவர் தப்பாக எதையும் கலக்கவில்லை. அவருக்கு அந்தத் துணிச்சலும் கிடையாது, யோசனையும் கிடையாது. மடிப்பு என்னுடையது. தையல்கூடக் கடைசியில் என்னுடையது. அதில் ஏறியிருப்பதும், குப்பியில் கலந்ததும், மூன்று தடவையும் என் கையால் நான் போட்டது. இதில் சாதுல்லா பாய்க்கோ ஜுபைதாக்காவுக்கோ ஒரு பங்கும் இல்லை. ருசி பார்த்ததைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்பார்கள். அவர்களிடம் விவரத்தைச் சரியாகக் கொடுங்கள். து. நாகவல்லி, வயது முப்பத்து நாலு, அம்பத்தூர். டிசைனர் என்று போடச் சொல்லுங்கள்.